ஒரு துறைமுகம் அவர், ஒரு துறைமுகம் நான்

பிப்ரவரி 18, செவ்வாய்

காலை 9:10-க்குக் கப்பல் டிக்கெட் வந்தது. மகள் அனுப்பியிருக்கிறாள், முப்பத்தைந்து வருஷக் கல்யாணத்துக்குப் பரிசாம். பத்து நாள், கரையை ஒட்டியே போகும் கப்பல். வழியெல்லாம் கலங்கரை விளக்கங்கள். நான்கு துறைமுகங்களில் இறங்கிச் சுற்றிப் பார்க்கலாம். "அப்பாவோட லைட்ஹவுஸ் பைத்தியம் இதோட தெளியட்டும்மா" என்று போனில் சிரிக்கிறாள். தெளிந்துவிட்டாலும்!

எதையும் மணியோடு எழுதுவது பஸ் டிப்போவில் பிடித்த பழக்கம். முப்பத்தோரு வருஷம் டைம் கீப்பர். வண்டி உள்ளே வந்த நேரம், வெளியே போன நேரம். ஓய்வு பெற்று மூன்று வருஷம் ஆகியும் கை நிற்கவில்லை. இவர் எனக்கு வைத்திருக்கும் பெயரே மணிக்காரி.

இவர் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். நாற்பது வருஷம் ஊர்க் கண்ணையெல்லாம் பார்த்தவர், போன வருஷம் திடீரென்று "போதும்" என்று கடையைக் கூட்டாளியிடம் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். லைட்ஹவுஸ் மேல் என்ன இவ்வளவு மோகம் என்று கேட்டால், "உள்ள இருக்கறது சின்ன விளக்குதான். அதைச் சுத்திக் கண்ணாடி வில்லையை அடுக்கி அடுக்கி இருபது மைலுக்கு அனுப்பறான் பாரு, அவன்தான் தொழில்காரன்" என்பார்.

துள்ளிக் குதிப்பார் என்று பார்த்தேன். டிக்கெட்டைத் தடவிப் பார்த்தார். பிறகு கடைச் சாமான் பெட்டியிலிருந்து ஒரு தாளை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்விட்டார். சின்னச் சின்னக் கட்டம் போட்ட தாள். இந்தக் கண்ணை மூடி, அந்தக் கண்ணை மூடி, இருபது நிமிஷம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் என்ன புதையலோ.

இன்னொன்று, எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஆறு மாதமாக இவர் என்னோடு பேசும்போது என் முகத்தைப் பார்ப்பதில்லை. காதைப் பார்க்கிறார். முகம் அலுத்துவிட்டது போல. போன மாதம் புதுத் தோடு வாங்கிப் போட்டேன். காதைத்தானே பார்க்கிறீர், நன்றாகப் பாரும். ஒரு வார்த்தை வர வேண்டுமே? மூச்!

பிப்ரவரி 27, வியாழன்

பெட்டி கட்டியாகிவிட்டது. ஒன்பது நாளாக மாலை 6 முதல் 7 வரை எனக்கு வாசிப்பு வேலை. இவரிடம் பழைய புத்தகம் ஒன்று உண்டு. எந்தக் கலங்கரை விளக்கம் எத்தனை முறை வெட்டி எரியும், நடுவில் எத்தனை செகண்ட் இருட்டு என்று வரிசையாகப் போட்டிருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு கணக்கு. மாலுமி அதை எண்ணித்தான் இது எந்த இடம் என்று தெரிந்துகொள்வானாம்.

"நீயே படி. உன் குரல்ல கேட்டாத்தான் மனசுல நிக்குது" என்கிறார்.

சும்மா சொல்லக் கூடாது, அந்த ஒரு வார்த்தைக்காக மூன்று தடவை படித்தேன். தோட்டுக்குச் சேர வேண்டியது குரலுக்காவது வந்ததே.

மார்ச் 2, ஞாயிறு

மாலை 4:30-க்குக் கிளம்ப வேண்டிய கப்பல் 4:42-க்குக் கிளம்பியது. பன்னிரண்டு நிமிஷம். என் டிப்போவாக இருந்தால் விளக்கம் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் போக முடியும்.

அறை சின்னது. இரண்டு கட்டில், வட்ட ஜன்னல், கதவைத் திறந்தால் குளியலறைக் கதவு இடிக்கும். நான்காம் தளத்தில் ஒரு மேசை, எந்தத் துறைமுகத்தில் எந்தச் சுற்றுலா என்று அங்கே முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். மேசைக்காரம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும், கழுத்தில் சங்கிலி போட்டுக் கண்ணாடி தொங்குகிறது.

அவர் முன்னாலேயே எங்களுக்குச் சண்டை. எனக்குச் சந்தை, பூந்தோட்டம், படகு. இவருக்கு லைட்ஹவுஸ், லைட்ஹவுஸ், லைட்ஹவுஸ். கடைசியில் ஒப்பந்தம் போட்டோம். ஒரு துறைமுகம் அவர், ஒரு துறைமுகம் நான். யார் முறையோ அவர் சொல்வதே சட்டம். மற்றவர் முணுமுணுக்காமல் பின்னால் வர வேண்டும். பேச்சு மாறக் கூடாது.

"சாட்சிக் கையெழுத்து நான் போடறேன்" என்றார் மேசைக்காரம்மா.

மார்ச் 3, திங்கள்

அவர் முறை. 187 படி. வெள்ளையில் சிவப்புப் பட்டை போட்ட கோபுரம். இவர் கைப்பிடிக் கம்பியைத் தடவிக்கொண்டே படிகளை வாய்விட்டு எண்ணி ஏறினார். நான் மூன்று இடத்தில் உட்கார்ந்தேன்.

ஒன்று மட்டும் புரியவில்லை. முட்டி வலி, கிளட்ச் மிதிக்க முடியவில்லை என்று சொல்லித்தான் ஆறு மாதம் முன்பு காரை விற்றார். கிளட்சுக்கு வலிக்கிற முட்டி 187 படிக்கு வலிக்காதா? கேட்டேன்.

"ஆசைக்கு ஏது முட்டி" என்றார், என் காதைப் பார்த்து.

மேலே போனதும் "என்னென்ன தெரியுது, ஒவ்வொண்ணா சொல்லு" என்றார். மீன்பிடிப் படகு பதினொன்று. ஓட்டுக் கூரை வீடுகள். ஒரு மொட்டை மாடியில் நீலப் போர்வை காய்கிறது. சொல்லச் சொல்லத் தலையை ஆட்டிக்கொண்டே நின்றார். குழந்தை கதை கேட்பது போல. எனக்கும் சொல்லப் பிடித்திருந்தது.

மாலை 6:48. கப்பல் நகர்ந்த பிறகு அதே விளக்கைத் தளத்திலிருந்து பார்த்தோம். "பாரு, மூணு வெட்டு, பதினைஞ்சு செகண்ட் இருட்டு" என்றார். கடிகாரத்தை வைத்துப் பார்த்தேன். அச்சு அசல்.

மார்ச் 4, செவ்வாய்

என் முறை. சந்தை, பூந்தோட்டம். முணுமுணுக்கவில்லை. நாள் முழுக்க என் கையைக் கோத்துக்கொண்டு நடந்தார். கல்யாணமான புதிதில்கூட ரோட்டில் நாலடி தள்ளி நடந்த மனிதர்! கடலில் நல்ல காற்று அடிக்கிறது போல.

மார்ச் 5, புதன்

கடல் நாள். தூக்கம், சூப், தூக்கம்.

மார்ச் 6, வியாழன்

அவர் முறை. குட்டைக் கோபுரம், 64 படி. நான் உட்காரவே இல்லை. பெருமையாக இருக்கிறது.

திரும்பி வந்தால் மேசைக்காரம்மா கண்ணாடியின் ஒரு பக்கக் கால் கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. இவர் அதை வாங்கி, சட்டைப் பையில் எப்போதும் இருக்கும் குட்டித் திருப்புளியால், எங்கேயோ பார்த்துக்கொண்டே இரண்டு நிமிஷத்தில் திருகிக் கொடுத்துவிட்டார். விரல்தான் வேலை செய்தது.

"சார் பாக்காமலே போட்டுட்டாரே!" என்றார் அந்தம்மா.

"நாப்பது வருஷம்மா" என்று நான்தான் பதில் சொன்னேன், என் கடை மாதிரி.

அந்தக் குஷியில் ஒரு தாராளம் செய்துவிட்டேன். கடைசித் துறைமுகம், பத்தாம் தேதி, என் முறை. ஆனால் இந்தக் கரையிலேயே உயரமான லைட்ஹவுஸ் அங்கேதான் இருக்கிறது. அதன் பழைய கண்ணாடி வில்லைக் கூண்டுக்குள் ஓர் ஆள் நுழைந்து நிற்கலாமாம். இரண்டு நாளாகச் சுற்றிச் சுற்றி வந்து கெஞ்சினார். "ஒரே ஒரு தடவை அதுக்குள்ள நிக்கணும் மணிக்காரி. அப்புறம் ஒண்ணும் கேக்க மாட்டேன்."

சரி என்று சொல்லி, என் முறையை அவருக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். முகம் எப்படி மலர்ந்தது! இதற்குத் தோடாவது ஒன்றாவது.

மார்ச் 8, சனி

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. மணியோடு எழுதுகிறேன்.

மாலை 6:50. தளத்தில் இருவரும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தோம். தூரத்தில் கரையில் ஒரு கோபுரம். இவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"வந்தாச்சு பாரு! ரெண்டு வெட்டு. இப்ப பத்து செகண்ட் இருட்டு. மறுபடி பாரு, ரெண்டு! என்ன ஒரு வெளிச்சம்!"

பார்த்தேன். ஒன்றுமில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். கோபுரம் இருட்டாக நின்றது. சுற்றிலும் சாரம் கட்டியிருப்பதுகூடத் தெரிந்தது. வெளிச்சம் இல்லை. இவர் மட்டும் "ஒண்ணு... ரெண்டு..." என்று விரலால் நாற்காலியைத் தட்டிக்கொண்டிருந்தார்.

6:58. கை கழுவிவிட்டு வருகிறேன் என்று எழுந்துபோய், படியருகே நின்றிருந்த கப்பல் அதிகாரியிடம் கேட்டேன். "அதும்மா? ரெண்டு மாசமா எரியலை. விளக்கு மாத்தறாங்க" என்றார்.

புத்தகத்தில் இரண்டு வெட்டு, பத்து செகண்ட். நான்தான் படித்தேன். மூன்று தடவை.

எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தது. கார். கடை. "நீயே படி." "என்னென்ன தெரியுது சொல்லு." சந்தையில் கோத்த கை. ஐயோ, நான் அதைக் காற்று என்று நினைத்தேனே. போன வருஷம் மகள் பிடிவாதம் பிடித்துக் கண் டாக்டரிடம் அனுப்பினாளே, கடைசி வரி வரைக்கும் கடகடவென்று படித்தாரே. எப்படிப் படிக்க மாட்டார்? நாற்பது வருஷம் அதே எழுத்துப் பலகை இவர் கடைச் சுவரில் தொங்கியது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்.

திரும்பிப் போனேன். "எண்ணினியா? சரியா இருந்துதா?" என்றார்.

"சரியா இருந்துது" என்றேன்.

முப்பத்தோரு வருஷத்தில் ஒரு வண்டிக்குக்கூட நான் பொய் நேரம் எழுதியதில்லை.

மார்ச் 9, ஞாயிறு

காலை உணவுக்குப் போகவில்லை. அறைக் கதவைச் சாத்திவிட்டு, நேற்று அந்த விளக்கு எரியவே இல்லை என்று சொன்னேன்.

ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். பிறகு சொன்னார். வலது கண்ணில் நடுப்பகுதி போன வருஷமே போய்விட்டது. ஆறு மாதமாக இடது கண்ணின் நடுவிலும் ஒரு மங்கல். ஓரம் தெரியும், நேராகப் பார்ப்பது மட்டும் மறையும். அந்தக் கட்டத்தாள் அதைச் சோதிக்கும் தாள்தான். டிக்கெட் வந்த அன்றைக்கு இடது கண்ணில் கோடுகள் வளைந்து தெரிந்திருக்கின்றன.

"வளைஞ்சா என்ன அர்த்தம்?"

"உள்ள கசியுதுன்னு அர்த்தம். ஊசி போடணும். கண்ணுக்குள்ள."

"எப்ப?"

"உடனே."

"உடனேன்னா?"

பதினெட்டாம் தேதியிலிருந்து இன்றைக்குப் பத்தொன்பது நாள்.

அதற்கப்புறம் நான் பேசியதை எழுத வேண்டாம். கொஞ்சம் எழுதுகிறேன். ஏங்க, கடைக்கு வந்த அத்தனை பேரையும் 'ஒரு வாரம்கூடத் தள்ளிப் போடாதீங்க'ன்னு வெரட்டி வெரட்டி ஆஸ்பத்திரிக்கு அனுப்பின ஆளு நீங்கதானே? ஊருக்குத்தான் உபதேசமா? நான் ஒருத்தி பக்கத்துல குத்துக்கல்லாட்டம் இருக்கேனே, எங்கிட்ட சொன்னா என்ன, நாக்கு அழுகிடுமா?

"சொன்னா நீ இந்தக் கப்பல்ல ஏற விட்டிருப்பியா? ஒரு தடவை எல்லாத்தையும் பாத்துட்டு அப்புறம் போகலாம்னு..." என்றார். "பயமா இருந்துது. எத்தனை பேருக்கு தைரியம் சொல்லியிருப்பேன். எனக்கு சொல்லிக்கத் தெரியலை."

நானும் அழுதேன். 9:40 முதல் 9:55 வரை.

மாலை 5:00. மேசைக்காரம்மாவிடம் போனேன். நாளைய சுற்றுலாவை மாற்ற வேண்டும் என்றேன்.

"சார் முறைன்னு எழுதிக் கொடுத்தீங்களே. பேச்சு மாறக் கூடாதுன்னு நான்தானே சாட்சி?"

"மாறிட்டேன்மா. என் முறை எனக்குத் திரும்ப வேணும்."

"எந்தச் சுற்றுலா போடட்டும்? தோட்டமா, படகா?"

படிவத்தை வாங்கி நானே எழுதினேன். சுற்றுலாவின் பெயர்: கண் ஆஸ்பத்திரி. அந்தம்மா படித்தார், என்னைப் பார்த்தார், தன் கண்ணாடியின் காலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு ஒன்றும் கேட்காமல் போனை எடுத்து அந்த ஊரில் நல்ல கண் ஆஸ்பத்திரி எது என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்.

அறைக்கு வந்து சொன்னேன். "அந்த லைட்ஹவுஸ்?" என்று மட்டும் கேட்டார்.

"என் முறை. முணுமுணுக்கக் கூடாது."

மார்ச் 10, திங்கள்

காலை 8:15-க்கு இறங்கினோம். கப்பல் மாலை 5-க்குக் கிளம்பும். நான் இரண்டு பெட்டியையும் எடுத்துக்கொண்டேன். "அரை நாள் வேலைக்கு எதுக்குப் பெட்டி?" என்றார். வண்டி எப்போது வந்து சேரும் என்று பார்த்த உடனே சொல்கிறவள் நான். இது ஐந்து மணிக்குள் முடியாது என்று எனக்குத் தெரியும்.

டாக்ஸி அந்த லைட்ஹவுஸ் வாசலைத் தாண்டித்தான் போனது. நான் சொல்லவில்லை. "தாண்டிட்டோமா?" என்று அவரே கேட்டார். "தாண்டிட்டோம்" என்றேன்.

ஆஸ்பத்திரியில் முதலில் எழுத்துப் பலகை. இவர் நாற்காலியில் உட்கார்ந்து, வழக்கம் போல ஒரு கண்ணை மூடிக்கொண்டு முதல் வரியைச் சொன்னார். நர்ஸ் "இல்ல சார்" என்றாள். அங்கே பலகை இல்லை, திரை. ஒவ்வொரு ஆளுக்கும் எழுத்து மாறுமாம். மறுபடி ஒன்று சொன்னார். "இல்ல சார்." நாற்பது வருஷம் அந்த நாற்காலிக்கு எதிரில் நின்ற மனிதர், கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். எனக்கு எழுந்து வெளியே போய்விடலாம் போல இருந்தது. போகவில்லை.

டாக்டரம்மாவுக்கு மகள் வயதுதான் இருக்கும். படங்களைப் பார்த்துவிட்டு, "சார், உங்க கடைக்கு இப்படி ஒருத்தர் வந்தா என்ன சொல்வீங்க?" என்றார்.

"ஒரு வாரம்கூடத் தள்ளிப் போடாதீங்கன்னு."

"எத்தனை வாரம் ஆச்சு?"

"மூணு வாரம்" என்று சொல்லிவிட்டு, என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார்.

போன பார்வை முழுசாகத் திரும்பாது, கசிவை நிறுத்தினால் இருப்பது நிற்கும், இன்றைக்கே போடலாம், ஆனால் வரிசையில் இருக்க வேண்டும் என்றார் டாக்டர். வரிசையில் முன்னால் பதினாலு பேர்.

4:10-க்கு மேசைக்காரம்மா போன் செய்தார். "மேடம், ஏணி எடுக்கப் போறாங்க. நான் கேப்டன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுப் பாக்கட்டுமா?"

டிப்போ ஞாபகம் வந்தது. "ஒரு நிமிஷம் மேடம், ஒரு ஆளு ஓடி வர்றாரு" என்று எத்தனை கண்டக்டர்கள் கெஞ்சியிருப்பார்கள். நான் விசில் ஊதி வண்டியைக் கிளப்பியவள். "வேண்டாம்மா, நேரத்துக்குக் கிளம்பட்டும்" என்றேன்.

4:35-க்கு இவரை உள்ளே கூப்பிட்டார்கள். 5:00-க்குத் தூரத்தில் கப்பல் சங்கு ஊதியது. சரியாக ஐந்து, ஒரு நிமிஷம்கூடத் தாமதம் இல்லை. வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு வண்டியைத் தவறவிட்டேன். வருத்தமே இல்லை.

5:05-க்கு இடது கண்ணில் கட்டோடு வெளியே வந்தார். "எறும்பு கடிச்ச மாதிரிதான் இருந்துது. இதுக்கா பயந்தேன்?" என்றார். கொன்றுவிடலாமா என்று இருந்தது.

மார்ச் 11, செவ்வாய்

ஆஸ்பத்திரிக்கு எதிர்த் தெருவில் ஒரு விடுதி. ஒரு வாரத்துக்குத் தூசி, படி ஏறுவது எதுவும் கூடாதாம். ஜன்னலைத் திறந்தால், என்ன வேடிக்கை, அந்த உயரமான லைட்ஹவுஸ் நேர் எதிரே நிற்கிறது.

மாலை 6:53-க்கு விளக்கு எரிந்தது. புத்தகம் பெட்டிக்குள். "மனப்பாடம் ஒப்பிக்கக் கூடாது. தெரிஞ்சா மட்டும் சொல்லுங்க, நான் கடிகாரத்தைப் பிடிக்கிறேன்" என்றேன்.

கட்டுப் போடாத வலது கண்ணால் நேராகப் பார்த்தார். இல்லை என்று தலையாட்டினார். "முழுங்கிடுது." கொஞ்ச நேரம் கழித்துத் தலையைத் திருப்பி, பக்கத்து மாடித் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தார். உடம்பே சிலிர்த்தது அவருக்கு.

"இப்ப! இப்ப ஒண்ணு. இன்னொண்ணு. இப்ப!"

மூன்றும் சரி. நேரமும் சரி. இது நிஜப் பதிவு.

"அந்தத் தொட்டியைப் பாத்தா லைட்ஹவுஸ் வருது மணிக்காரி" என்று சிரித்தார். "அடுத்த தடவை வரும்போது என் முறை. அந்தக் கூண்டுக்குள்ள நிக்கணும்."

"எழுதி வெச்சுக்கறேன்" என்றேன். எழுதிவிட்டேன்.

ஏப்ரல் 8, செவ்வாய்

நேற்று வீட்டுப் பக்கத்து ஆஸ்பத்திரியில் இரண்டாவது ஊசி. கசிவு நின்றுவிட்டதாம். கட்டத்தாளில் கோடு நிமிர ஆரம்பித்திருக்கிறது. நடுவில் உள்ள மங்கல் மட்டும் அப்படியேதான் இருக்கும், பழகிக்கொள்ள வேண்டும் என்றார்கள்.

மகள் வந்திருந்தாள். அப்பாவைத் திட்டிவிட்டு, என்னையும் திட்டிவிட்டு, காதைப் பிடித்து எனக்கு முத்தம் கொடுக்கப் போனவள், "அம்மா, தோடு அழகா இருக்கே! எப்ப வாங்கினே?" என்றாள்.

விட்டேனா? "உங்கப்பா இத்தனை மாசமா என் காதையேதான் பாக்கறாரு. கண்ணுல படலையாமே, கேளு."

"தோடா? எந்தத் தோடு?" என்றார் இவர். நிஜமாகவே திகைத்துப்போய்.

"இதோ! நீங்க பாத்துக்கிட்டே இருக்கீங்களே, இந்தக் காதுல!"

மெதுவாகச் சொன்னார். "காதைப் பாத்தாத்தான் உன் மூஞ்சி தெரியுது. நேரா பாக்கறது எதுவோ அது எனக்குத் தெரியாதே. தோடு எப்படித் தெரியும்?"

தண்ணீர்த் தொட்டியை அன்றைக்குக் கண்ணால் பார்த்தேனே. அப்போதுகூட இந்த மண்டைக்கு எட்டவில்லை. ஆறு மாதம் முகத்தைப் பார்க்கவில்லை, பார்க்கவில்லை என்று புலம்பினேன். இந்த மனிதர் வேறு எதையுமே பார்க்கவில்லை.

மகள் 5:20-க்குக் கிளம்பிப் போனாள். நான் நாற்காலியை அவருக்கு எதிரில் இழுத்துப் போட்டு, முகத்தை ஆட்டாமல் உட்கார்ந்தேன். அவர் என் காதைப் பார்த்தார். எவ்வளவு நேரம் என்று குறிக்கவில்லை.